தைத்தவர் குரல்

ஒவ்வொரு சட்டையிலும் அதைத் தைத்தவரின் குரல் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாங்குகிறவர் காலரில் விரலை வைத்தால் போதும், தொழிலாளி தன் நலத்தைச் சொல்வார்.

திருப்பூர்க் கடையொன்றில் மகளுக்குச் சட்டை எடுக்கப் போன வசந்தாமணியும் விரலை வைத்தாள்.

"நான் நல்லாருக்கேனுங்க. நேரத்துக்கு ஓய்வு தர்றாங்க."

அது அவளுடைய குரலேதான். ஊசி ஏறி விரல் மடங்காமல் போய், அந்தச் சட்டைக் கம்பெனியின் தையல் வேலையை அவள் விட்டுப் பத்து மாதமாகிறது. சட்டையிலோ தைத்த நாளாகப் போன வாரத் தேதி இருந்தது.

அதை வாங்கிக்கொண்டு நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்லாருக்கேன்னு நீங்களேதானம்மா சொல்றீங்க? சட்டப்படி எல்லாம் சரியாத்தான் இருக்குது."

"கொரலு எம்படதுதானுங்க. ஆனா தெச்சது நானில்லீங்க." சட்டையைத் திருப்பி, கோணல்மாணலான தையலைக் காட்டினாள். "இதைத் தெச்சவங்க கொரலை எதுக்குங்க சார் மறைக்கோணும்?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. எழுந்துபோய், வெளியே யாருக்கும் கேட்காதபடி அறைக் கதவைச் சாத்தினார்.