மூன்றாவது வரி

“பாடு” என்றார் முதலாளியின் மாப்பிள்ளை.

திரைச்சீலைக் கடையின் நடுவில், கழுத்தில் அளவுநாடா தொங்க நின்றார் டேப்பு. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவு எடுப்பவர். பதினோரு வருஷத்தில் சொந்தப் பெயர் கடையில் எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. சுற்றி நின்ற ஆறு பேர் முகத்திலும் பாட்டுக் கேட்கும் களை இல்லை.

“காலையிலேருந்து வாய் ஓயாம பாடினியே. இப்ப தொண்டை கட்டிக்கிச்சா?”

டேப்பு பாடினார். ஒரு தடவை கேட்டால் வாரக்கணக்கில் மண்டையைக் காலி பண்ணாத பழைய பாப் பாட்டு. முதல் வரி, இரண்டாம் வரி, அப்புறம் மூன்றாவதை விழுங்கிவிட்டு நேரே நாலாவதுக்குத் தாவினார்.

மாப்பிள்ளை கைதட்டினார். கன்னத்தில் அறைந்த மாதிரிச் சத்தம் கேட்டது.

அடுத்தடுத்து மூன்று ஹோட்டல் ஆர்டர்கள் கைநழுவியிருந்தன. ஒவ்வொரு முறையும் எதிர்க்கடைக்காரர் இவர்களுடைய விலைக்கு ஒரு நூல் கீழே சொல்லி அள்ளிக்கொண்டு போனார். உள்ளாள் யாரோ விலையைச் சொல்கிறான், ஆளைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று மாமனாரிடம் சொன்னதே மாப்பிள்ளைதான்.

மாமனாரான முதலாளி கல்லாவில் உட்கார்ந்து சாம்பிள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். எதிராளி முழுசாகப் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை போனை மேஜையில் வைத்து ஒரு பதிவை ஓடவிட்டார். நேற்று ஒரு ஆளைப் பெரிய கிராக்கி மாதிரி எதிர்க்கடைக்கு அனுப்பி, விலை பேசுகிற உள்ளறையில் பதிவு பண்ணிக்கொண்டு வரச் சொன்னாராம். அங்கே நாள் முழுக்கச் சுற்றும் பழைய இசைத்தட்டில் அதே பாட்டு. கீறல் விழுந்த தட்டு. மூன்றாவது வரி வந்ததும் ஊசி தாவியது.

“ஊர்ல எல்லாரும் முழுசா பாடுறாங்க. இவன் மட்டும் ஓட்டையோட பாடுறான். அந்த ரூம்ல உட்கார்ந்து கேட்டவனுக்குத்தான் இப்படி வரும்.”

அந்தக் கடைப் படியே மிதித்ததில்லை என்றார் டேப்பு. ஒரு மாதமாகத் தலைக்குள் ஓடுகிறது, வீட்டுக்காரி சோறு போடும்போதெல்லாம் திட்டுகிறாள், பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன், இங்கே கடையில்தான் எங்கேயோ தொற்றிக்கொண்டது என்றார்.

“தொத்துறதுக்குப் பாட்டு என்ன ஜலதோஷமா?”

சிலர் சிரித்தார்கள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து. அவர் கிளம்பும் நேரம். டாக்டர் சொன்னபடி மூன்று மாதமாகக் கட்டிலோடு கிடக்கும் கர்ப்பிணி மனைவிக்குத் துணை இருக்க, தினமும் நேரத்தோடு மாமனார் வீட்டுக்குப் போய்விடுவார்.

“அவ காத்துக்கிட்டிருப்பா மாமா. டேப்பைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பச் சொல்லுங்க. போலீஸுக்குப் போகாம விடுறதே பெரிசு.”

டேப்பு நாடாவைக் கழற்றினார்.

“வேலை போனா போகட்டும் முதலாளி. துரோகின்னு பேரு வந்துட்டா, எந்த வீட்ல என்னை ஜன்னல்கிட்ட விடுவாங்க?”

முதலாளி கல்லாவை விட்டு எழுந்தார். நாடாவை வாங்கி, முறுக்கை நீவி, திரும்ப டேப்பின் கழுத்திலேயே போட்டார். பிறகு போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

“உட்காருங்க மாப்பிள்ளை” என்றார். “கட்டிலை விட்டு இறங்காத என் பொண்ணும் ஒரு மாசமா மூணாவது வரியத் தாவித்தான் பாடுறா.”