காதலி வேஷம்

"நாற்பத்தாறு வயசுல காதலி வேஷம் கேக்குதா உங்களுக்கு?"

எல்லார் முன்னாலும் ஜனெட்டா கேட்டே விட்டாள். ஒத்திகை நின்றது. யாரோ திரைக்குப் பின்னால் சிரித்தார்கள்.

ஓர்சோலாவின் முகம் சுண்டிப்போயிற்று.

வெனிஸில் கார்னிவல் திருவிழா ஆரம்பிக்க இன்னும் நாலே நாள். நாடகத்தில் இரண்டு காதல் ஜோடிகள். சீமான் வீட்டுப் பெண்ணும் அவளைச் சுற்றிவரும் வாலிபனும் ஒன்று. வேலைக்காரியும் வேலைக்காரனும் இன்னொன்று. கடைசியில் இரண்டு ஜோடிக்கும் கல்யாணம்.

வாலிபன் வேஷம் எப்போதும் கம்பெனி முதலாளி அல்வீசேக்குத்தான். இந்த முறை அவருக்கு ஜோடி ஜனெட்டா என்று அவரே சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வயது, நல்ல குரல், பார்க்கவும் பொருத்தம் என்றார். ஜனெட்டா அன்றைக்கே ஊரில் அம்மாவுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டாள்.

ஓர்சோலாதான் குறுக்கே விழுந்தாள். தனக்கு அந்த வேஷம் இல்லையென்றால் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவேன் என்றாள். அவள் பெயருக்காகவே வருஷா வருஷம் நாடகக் கொட்டகை மாடத்தில் இடம் பிடிக்கும் பெரிய வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

ஜனெட்டாவுக்குப் பழையபடி வேலைக்காரி வேஷம். ஜோடி, பெப்போ.

"அம்மா வேஷம் காலியாத்தான் இருக்கு. அதைக் கட்டினா கௌரவமா இருக்கும்" என்று இப்போது சேர்த்துக்கொண்டாள் ஜனெட்டா.

ஓர்சோலா மேடை நடுவுக்கு நடந்தாள். "ஆரம்பிக்கலாம்" என்றாள், முதலாளியைப் பார்த்து.

காதல் காட்சி நடந்தது. அல்வீசே மண்டியிட்டார், எழுந்தார், கட்டி அணைத்தார். ஓரமாக நின்று பார்த்த ஜனெட்டாவுக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஒத்திகை முடிந்ததும் ஓர்சோலாவின் ஒப்பனை அறைக் கதவைத் தட்டாமல் தள்ளினாள்.

ஓர்சோலா ரவிக்கையின் கையை ஏற்றிவிட்டு, ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தோள் வரை கன்றிப்போன விரல் தடங்கள். சில பழசு. நகம் பதிந்த இரண்டு இடத்தில் இன்னும் ரத்தம் கசிந்தது.

கேட்க வந்தது எல்லாம் ஜனெட்டாவுக்கு மறந்துபோயிற்று.

"யாரு அக்கா?"

"முதல்ல கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"கட்டிப் பிடிக்கிற இடத்துல ஜனங்க கை தட்டுவாங்க. நாம கத்தினாலும் நடிப்புன்னு நினைச்சு இன்னும் தட்டுவாங்க. அந்த தைரியம் அந்த ஆளுக்கு" என்றாள் ஓர்சோலா.

ஜனெட்டா கிட்டே போனாள். "அப்புறம் ஏன் அந்த வேஷத்தை விட மாட்டேங்கறீங்க?"

"ரெண்டு வருஷம் முன்னால ஒருத்திக்கு விட்டுக் கொடுத்தேன். உன் வயசுதான். அவ இப்ப ஆம்பளைக் குரல் கேட்டாலே நடுங்குறா."

ஓர்சோலா ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"நீ பெப்போவோடயே நடி. கையைப் பிடிக்கிறதுக்கு முன்னால, பிடிக்கலாமான்னு கேக்குற பையன்."