இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பாதி

இருபத்தோராம் பிளாக் ஸ்டாப்பில் கடைசி ஆள் ஏறியதும் சிலம்பரசன் முன் சீட்டிலிருந்து எழுந்து எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றான்.

மதிய ஷிப்ட் பஸ். சுரங்க வாசலுக்கு இருபது நிமிடம். அதற்குள் படத்தைச் சொல்லி முடிக்க வேண்டும்.

திங்கட்கிழமைதோறும் இதுதான் வழக்கம். ஒருவர் புதுப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். பார்க்கப் போகலாமா, வேண்டாமா என்று பஸ் முடிவு செய்யும்.

இரண்டு வருடமாகச் சொல்கிறவன் சிலம்பரசன். அதற்கு முன்னால் சொன்னவர் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரர். சண்டைக் காட்சியில் விழுந்த அடியைக்கூட எண்ணிச் சொல்வார். அவர் சொன்னால் ஒரு படம் வியாழக்கிழமை வரை ஓடும்.

முன் சீட்டு கதை சொல்கிறவருக்கு. சிலம்பரசன் கதையில் ஒரு பொய் பிடிபட்டாலும் அது மறுபடி இசக்கிமுத்துவுக்கு.

இன்றைக்கு வைரத் திருடர்கள் படத்தின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தை அவன் சொல்லித்தான் மொத்த பஸ்ஸும் பெண்டாட்டி பிள்ளைகளோடு பண்ருட்டிக்குப் போய்ப் பார்த்தது.

சிக்கல் என்னவென்றால், இந்தப் படத்தில் சிலம்பரசன் பாதிதான் பார்த்திருந்தான்.

சனிக்கிழமை காலை நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகத் தியேட்டருக்குப் போனான். இருட்டு, ஏசி, சாய்கிற நாற்காலி. இடைவேளையில் முட்டை போண்டா தின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது, துடைப்பத்தோடு ஒருவர் அவன் தோளை உலுக்கியது.

முதல் பாதியை வெளுத்து வாங்கினான். வெளிநாட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம், லிப்ட் கயிறு, போன பாகத்தில் செத்தவன் இதில் மொட்டையோடு உயிர்த்து வந்தது. வில்லன் பெட்டியைத் திறந்து சிரிக்கிறான். இடைவேளை.

அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம்.

“பாத்து சொல்லுடா. இசக்கி அண்ணாச்சியும் சனிக்கிழமையே பாத்துட்டாராம்” என்றார் நிலக்கரி பெல்ட் ஆபரேட்டர் கொளஞ்சிநாதன், சந்தோஷமாக.

பக்கத்தில் இசக்கிமுத்து கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தினால் சீட்டு போகும். சொன்னாலும் போகும். சொல்லிவிட்டே போகட்டும் என்று ஆரம்பித்தான்.

போலீஸ் துரத்துகிறது. தப்பிக்க வழியில்லை. கதாநாயகி வைரத்தைத் தூக்கி எறிகிறாள். எங்கே? ஓடுகிற கன்வேயர் பெல்ட்டில். அந்த வெளிநாட்டு ஊரில் திடீரென்று ஒரு சுரங்கம் இருந்தது. ஏன் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கரியோடு கரியாக வைரம் போகிறது. மேலே திருடர்கள் ஓடுகிறார்கள்.

“இருடா. பெல்ட்டுல மெட்டல் டிடெக்டர் இருக்குமே. நின்னுடாது?” என்றார் கொளஞ்சிநாதன்.

“வைரம் என்னா இரும்பாண்ணே?”

கொளஞ்சிநாதன் யோசித்தார். “அட, ஆமாம். அதுபாட்டுக்குப் போயிகினே இருக்கும்.”

பஸ் கைதட்டியது. டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்தார்.

கடைசியில் வைரம் தெறித்து, ஷிப்ட் முடிந்து கிளம்பும் ஒரு பெண்ணின் சாப்பாட்டு டப்பாவில் விழுந்தது. அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கழுவுவதற்கு டப்பாவைக் கவிழ்க்கிறாள். ‘டங்’ என்று ஒரு சத்தம். படம் முடிந்தது.

பஸ்ஸும் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. எல்லோரும் இசக்கிமுத்துவைப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு எழுத்து மாறல. அப்படியே சொல்லுதான்.”

விசில் பறந்தது. வரும் ஞாயிறு, குடும்பத்தோடு, நாற்பது டிக்கெட் என்று அங்கேயே முடிவானது. கொளஞ்சிநாதன் செல்போனில் டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெல்ட்டை அவர் கண்ணால் பார்த்தாக வேண்டுமாம்.

எல்லோரும் இறங்கினார்கள். சிலம்பரசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழைய சீட்டு இந்த மனுஷனுக்கே திரும்பியிருக்கும்.

படிக்கட்டில் இசக்கிமுத்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

“ஏலேய், எனக்கும் நைட் ஷிப்ட்டுதான. பேரு போடையிலேயே உறங்கிட்டேன். நெசமாவே பெல்ட்டுலதான போச்சு?”