குழலில் விட்ட எண்ணெய்

தேர்வுப் போட்டிக்கு அழைக்கப் போகிறார்கள். அவள் ஏர் ரைஃபிளின் குழலுக்குள்ளிருந்து துணித் துண்டை இழுக்கிறாள். மறுபடியும் எண்ணெய்ப் பிசுக்கு. ஒத்திகையில் சுட்ட துளைகள் அட்டையில் மூலைக்கொன்றாகக் கிடக்கின்றன. "துருப்பிடிக்கக் கூடாதேன்னுதான் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன்" என்கிறான் கணவன். "உங்க மூக்குல விட்டுக்கிட்டு மூச்சு விட்டுப் பாருங்களேன்! ஒரு வருஷ உழைப்புங்க!" ஜன்னல் வெயிலில் பல்லைக் கடித்தபடி அடுத்த துணியைத் திணிக்கிறாள். அது வெள்ளையாகவே வெளியே வருகிறது. ஒலிபெருக்கி கூப்பிடுகிறது. துப்பாக்கியைத் தோளில் பதிக்கிறாள். கோபத்தில் நெஞ்சு அடிக்கிற அடியில், துப்பாக்கியின் குறிவளையத்துக்குள் இலக்கின் கறுப்புப் புள்ளி குதிக்கிறது. "கோபப்படாம சுடும்மா" என்று பின்னாலிருந்து அவன் குரல். புள்ளி வளையத்தை விட்டே வெளியே போகிறது.