எந்தப் பக்கம் சார்?

விசில் சத்தம் கேட்டு, மலை ஏற வந்த மூன்று பேரும் நின்றார்கள். மலைப்பாதை இரண்டாகப் பிரியும் இடம் அது. வழிகாட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி அவர்களைப் பார்த்தார். காதுவரை இறங்கியிருந்த சிவப்புத் தொப்பியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

“சொல்லுங்க பாப்போம். எந்தப் பக்கம் சார்?”

அவர் விரல் லிஃப்ட் மெக்கானிக்கைக் காட்டியது.

“இவனையா கேக்குறீங்க? வெளங்கிடும்!” மெக்கானிக்கின் மச்சான் முதுகுப்பையைத் தொப்பென்று இறக்கினான். “லிஃப்டுலயே காலத்தை ஓட்டினவருங்க எங்க மாப்ள. மேலே, கீழேன்னு ரெண்டு திசைதான் தெரியும்.”

“என் கடைத் திறப்புக்கு எல்லாரையும் இவன்தான் கூட்டிட்டு வந்தான்” என்றான் அவர்களுடைய நண்பன் பேக்கரிக்காரன். “போய் நின்னது பல் ஆஸ்பத்திரி. உள்ளே போய் டோக்கன் வேற வாங்கிட்டான்.”

இந்தப் பயணத்தில் மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். இவனால் ஒரு தடவை வழி தவறினாலும் சரி, இனி எந்த ஊருக்கும் இவன் கூட வரக் கூடாது என்று மச்சான் கறாராகச் சொல்லியிருந்தான்.

“நான் அவரைத்தான் கேட்டேன்” என்றார் வழிகாட்டி. “நோட்டுல எல்லாத்தையும் எழுதிக்கிட்டே வர்றவர் அவர் ஒருத்தர்தான்.”

வேறு வழியில்லை. மெக்கானிக் குனிந்து இரண்டு பாதைகளையும் பார்த்தான். இடப்பக்கம் இரு செடிகளுக்கு நடுவே சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. வலப்பக்கம் புல் மிதிபட்டு, ஒரு மிட்டாய்க் காகிதம் கிடந்தது.

“வலது... மாதிரி தோணுது. தப்பா இருந்தா சொல்லிடுங்க.”

வழிகாட்டியின் முகம் மலர்ந்தது. “பிரமாதம்! நடங்க, நடங்க. நான் கடைசியா வரேன். யாரும் பின்தங்கிடக் கூடாது பாருங்க.”

அடுத்த பிரிவிலும் விசில். மெக்கானிக் தண்ணீர்ச் சத்தத்தை வைத்து இடது என்றான். அதுவும் பிரமாதம். மூன்றாவது பிரிவில் இடது என்று எழுதி, அடித்து, வலது என்று எழுதி, அதையும் அடித்தான்.

“அவசரமே இல்லை சார்” என்றார் வழிகாட்டி. அவருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. “நல்லா யோசிங்க. இருட்டறதுக்குள்ள போகணும், அவ்வளவுதான்.”

மெக்கானிக் கண்ணை மூடி யோசித்து, வலது என்றான். அரை மணி நேரத்தில் ஓடைக்கரையில், கூடாரம் போடும் சமவெளி தெரிந்தது. பேக்கரிக்காரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “டேய், நிஜமாவே நீதானாடா?”

மற்றவர்கள் கூடாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டி நோட்டை வாங்கிக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் விடாமல் இரண்டு தடவை படித்தார்.

“ஒரு தப்பும் இல்லை சார்” என்று திருப்பிக் கொடுத்தார். பக்கத்தில் படுத்த பேக்கரிக்காரனின் குறட்டைகூட அன்று இரவு மெக்கானிக்கின் காதில் விழவில்லை.

விடிவதற்குள் கிளம்பினார்கள். மிச்சமிருந்த இரண்டு பிரிவுகளிலும் விசிலுக்குக் காத்திராமல் மெக்கானிக்கே வழி சொன்னான். உச்சியில் கால் வைத்ததும், எதிர்மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் எட்டிப் பார்த்தது.

மச்சான் அவன் தோளில் கை போட்டான். “மாப்ள, நான் சொன்னதெல்லாம் வாபஸ். இனிமே எங்கே போனாலும் நீதான் முன்னாடி போற.”

மெக்கானிக் நோட்டை மார்போடு அணைத்தபடி வழிகாட்டியைத் தேடிப் போனான். அவர் ஓர் ஓரமாக நின்று, சூரியனோடு தன்னையும் சேர்த்து விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப நன்றிங்க” என்றான். “நீங்களே வழி காட்டியிருந்தா நேத்து ஒரு மணி நேரம் முன்னாடியே சேர்ந்திருப்போம். எனக்குத் தைரியம் வரணும்னுதானே இவ்வளவு பொறுமையா கேட்டுக்கிட்டே வந்தீங்க?”

வழிகாட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். மற்ற இருவரும் தூரத்தில் இருந்தார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“சார், வழிகாட்டி எங்க மாமா. அவருக்குக் கால் சுளுக்கிக்கிச்சு, தொப்பியையும் விசிலையும் கொடுத்து என்னை அனுப்பிட்டாரு. இறங்கி முடிக்கிற வரைக்கும் அந்த நோட்டை மட்டும் தொலைச்சுடாதீங்க... நான் மலை ஏறுறதே இதான் முதல் தடவை!”