நாலு விரற்கடை பெட்ரோல்

மூன்றாவது கிணற்றுக்குள் அவள் அளவு நாடாவை இறக்கத் தொடங்கினாள்.

கிணறு என்று பேர்தான். எட்டிப் பார்க்க முடியாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய், முப்பது அடி ஆழம். கீழ்ப்பாதியில் தண்ணீர் புகுந்து வர மெல்லிய கீறல்கள், சுற்றிலும் மணல், அதன் மேல் களிமண் அடைப்பு. தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி. மண்ணுக்கடியில் என்ன நடக்கிறது என்று சொல்ல அது போதும்.

பெட்ரோல் பங்க்கை மூடி ஆறு வருடமாகிறது. இடத்தை விற்க வேண்டுமானால் கீழே உள்ள நீர் சுத்தமா என்று சான்று வேண்டும். அதற்குத்தான் அவளுடைய அலுவலகத்தைக் கூப்பிட்டிருந்தார் முதலாளி.

முதல் இரண்டு கிணறுகளும் சுத்தம். அன்றைக்கே அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டுலயும்தான் ஒண்ணும் இல்லையேம்மா, மூணாவது எதுக்கு? டேங்க் ஒரு பக்கம் இருக்கு, நீ காம்பவுண்டு ஓரத்தைக் காட்டுற."

அவள் வாதாடவில்லை. இரண்டு கிணற்றிலும், பின்னால் இருந்த பழைய போர்வெல்லிலும் நீர்மட்டத்தை அளந்தாள். அடியில் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கோடு நேராகக் காம்பவுண்டு ஓரத்தில் போய் முட்டியது.

துளை போடுகிற மேஸ்திரி தாளை ஒரு பார்வை பார்த்தார். "பொண்ணு சொல்றது சரிதான்" என்று வண்டியை அங்கே நகர்த்திவிட்டார்.

அது பத்து நாளைக்கு முன்.

இப்போது நாடா இறங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இருக்கும் கருவி எண்ணெயைத் தொட்டால் விடாமல் கூவும். தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டுக் கத்தும்.

இருபத்திரண்டாவது அடியில் கூவியது.

மயிரிழை மயிரிழையாக இறக்கினாள். கூவல் நிற்கவில்லை. நாலு விரற்கடை தாண்டித்தான் விட்டு விட்டுக் கத்தத் தொடங்கியது.

பக்கத்தில் நின்ற ஆபீஸ் அக்கா அளவைத் தன் கண்ணால் படித்து, தன் நோட்டில் தனியாக எழுதிக்கொண்டார்.

"ஒரு பாட்டில் தண்ணி எடுக்க ரெண்டு ஆளா?" என்று முதலாளி காலையிலிருந்து கேலி செய்துகொண்டிருந்தார். இந்த இடத்தில் தான் தொடுகிற எதையும் இன்னொருவர் கூடவே நின்று சரிபார்க்க வேண்டும் என்று அலுவலகத்தில் எழுதிக் கேட்டவளே அவள்தான் என்பது அவருக்குத் தெரியாது.

கண்ணாடி போன்ற குழல் ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டாள். அலுங்காமல் மேலே தூக்கினாள்.

அடியில் தண்ணீர். அதன் மேல் மஞ்சளாக, தனியாக, நாலு விரற்கடை பெட்ரோல்.

வாசனை குப்பென்று மூன்று பேர் முகத்திலும் அடித்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். போட்ட கோடு பொய்க்கவில்லை. தோண்டிய இடம் தப்பவில்லை. புதுக் கையுறை மாட்டி, பாட்டிலை நிரப்பி மூடி, எண் சீட்டை ஒட்டி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்து முடித்து, "பழுது சொல்ல இடமில்ல" என்றார்.

முதலாளி பம்ப் இருந்த மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனை வருஷமா ஒழுகியிருக்கும்?"

"லேப்ல பார்த்தாதான் ஓரளவுக்குச் சொல்ல முடியும் சார். ஆனா ஒரு நாள்ல ஒழுகினது இல்ல. டேங்க் அடியில சின்ன ஓட்டை இருந்தாப் போதும். தினம் முப்பது லிட்டர் சத்தமில்லாம மண்ணுக்குள்ள போயிடும்."

"முப்பது லிட்டர்" என்றார் அவர், தனக்குத் தானே. "கணக்குல குறைஞ்சுதே. அப்ப தினமும் குறைஞ்சுக்கிட்டே இருந்துதே. நான் என்னடான்னா..."

அவள் பையிலிருந்து படிவத்தை எடுத்தாள்.

படிவத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். மாதிரி எடுத்தவர், சரிபார்த்தவர், இடத்துக்காரர்.

மற்ற இடங்களில் என்றால் அப்பா பெயரின் முதல் எழுத்தை வைத்து, தன் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். இன்று அந்த ஓர் எழுத்தை முழுப் பெயராக விரித்து எழுதினாள். அச்சுக் கோத்தாற்போல, நிதானமாக. பிறகுதான் தன் பெயர்.

அக்கா கையெழுத்துப் போட்டு, படிவத்தை முதலாளியிடம் நீட்டினார்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். அளவைப் பார்த்தார். பெயருக்கு வந்ததும் அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பதினெட்டு வருடத்துக்கு முன் இதே காம்பவுண்டில் எல்லார் எதிரிலும் டிபன் பையைக் கொட்டிக் காட்டச் சொல்லி, பெட்ரோல் திருடன் என்று அவரே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய மேனேஜரின் பெயர்.

அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"அப்பா... எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காரு சார்" என்றாள். பேனாவைத் திறந்து நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."