ஹாலின் அகலம்

பூப்போட்ட சுவர்த்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். எதிர்ச்சுவரிலும் அதே உயரத்தில் இன்னொன்று. இந்த முறை தன் கையையும் கண்ணையும் நம்ப அவள் தயாராக இல்லை.

இருபத்திரண்டு வருடமாக வங்கிக்காக வீடுகளை அளந்து மதிப்புப் போடுகிறவள். ஒரே ஹாலை அளக்க நாலாவது தடவை வந்து நிற்பது இதுதான் முதல்முறை.

"பேசாம இங்கயே ஒரு ரூமை வாடகைக்கு எடுத்துக்குங்கக்கா." வீட்டுக்காரப் பெண் உள்ளறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு வந்தாள். "குட்டி இப்பத்தான் தூங்கினான். இந்தக் கதவு வேற... போன வாரம்தான் தச்சர் இழைச்சுட்டுப் போனாரு, மறுபடி பிடிக்குது. மழைக்கு மரம் ஊதுதாம்."

"இந்தச் சத்தத்துல அவன் தூங்குறதே அதிசயம்மா." பக்கத்து மனையில் சுவரை ஒட்டி அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டும் இயந்திரம், அவள் முதல்முறை அளக்க வந்த நாளிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தது.

அவள் கொடுத்த மூன்று அறிக்கைகளையும் மறுஆய்வு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். முதலில் புகைப்படம் தெளிவில்லை என்றார். அடுத்து, அகலம் முன்னதோடு ஒத்துப்போகவில்லை என்றார். மூன்றாவதில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி: 'பதினான்கு அடி இரண்டு அங்குலம், இரண்டரை, மூன்று. எதை நம்புவது?'

அறிக்கை இன்னொரு முறை திரும்பி வந்தால் வங்கியின் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுவார்கள். அதுகூடப் பெரிதில்லை. அம்மாவுக்கும் இப்படித்தான், எண்களில்தான் தொடங்கியது. முதலில் வீட்டுக் கதவு எண் மறந்தது, பிறகு பெற்ற பிள்ளைகள் எத்தனை என்பது. கடைசியில் ஒருநாள் இவளையே பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்றாள்.

நாடாவை ஒரு புள்ளியிலிருந்து மறு புள்ளிக்கு இழுத்துப் படித்தாள். பதினான்கு அடி, மூன்றே முக்கால் அங்குலம்.

அதிகாரியைக் கைப்பேசியில் பிடித்தாள். "சார், இன்னிக்கும் வேற அளவுதான் வருது. நேர்ல ஒருத்தரை அனுப்புங்களேன்."

"நேர்ல போறது உங்க வேலை மேடம், எனக்குக் காகிதம் மட்டும்தான்." அவர் கோபப்படக்கூட இல்லை. "சுவர் நின்ன இடத்துலதான் நிக்குது. மாறுறது நீங்கதான். நல்ல டாக்டரா பாருங்க. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரே ஒரு அளவு வேணும்."

முதல் அளவையே எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? பேனாவைத் திறந்து, 'இரண்டு' என்று எழுதியும்விட்டாள். பயத்தை மூடி வைக்க ஒரு எண்ணை எழுதினால், அம்மாவின் நோயைத் தானே கைப்பிடித்து அழைத்து வந்து உள்ளே உட்கார வைத்ததாகிவிடும் என்று தோன்றியது. எழுதியதை அடித்தாள்.

"நீ கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. என் கண்ணு வேண்டாம்." நாடாவின் நுனியைப் புள்ளியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்காரப் பெண் மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் குனிந்தாள். "பதினாலு அடி... நாலு அங்குலம். சுளையா!" சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். "போச்சு, இது அஞ்சாவது அளவா? எனக்கும் தொத்திக்கிச்சு போலக்கா."

முன்பு அளந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அதே நாடா, அதே புள்ளிகள். கண்கள் மட்டும் வேறு.

நாடா அவள் விரல்களிலிருந்து நழுவிச் சரசரவென்று சுருண்டு ஓடியது. எதிர்ச்சுவருக்கு அப்பால் இயந்திரம் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சு அளவும் சரிதான், குழந்தையத் தூக்கிட்டு வெளிய ஓடு!"